மஞ்சள் விளக்கின் கதை: லாரியில் 'செக் இன்ஜின்' விளக்கு வந்த வரலாறு

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் கொஞ்ச தூரம் சென்றால் சிறுமலைப் பிரிவு வரும். அங்கே திரும்பினால் மேலே ஊர் போய்ச் சேர 18 கொண்டை ஊசி வளைவுகள். சிறுமலையில் விளையும் மலைவாழை புவிசார் குறியீடு பெற்றது. மேட்டுத் தோட்டங்களில் வெட்டிய தார்களைச் சாலை வரைக்கும் குதிரைகள் சுமந்து வரும். அங்கிருந்து கீழே கொண்டு வருவது லாரியும் மினி லாரியும்தான்.

இப்படிப்பட்ட மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு விளக்கைக் கண்டாலே எரிச்சல். டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில், இன்ஜின் படம் போட்டு எரியுமே, அந்த 'செக் இன்ஜின்' விளக்கு! "பழைய வண்டியில் இதெல்லாம் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை" என்பது லாரிப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இஜிஆர் வால்வை அடைத்துவிட்டால் வண்டி இழுக்கும் என்பார்கள். யூரியா டேங்கைக் கழற்றிவிட்டால் செலவு மிச்சம் என்பார்கள். அப்படிச் செய்த பிறகு விளக்கு எரியும். அப்புறம் அந்த விளக்கை அணைக்க ஒரு வேலை. இந்தத் துரத்தல் விளையாட்டு எங்கே தொடங்கியது? அந்த விளக்கை யார், எதற்காக வைத்தார்கள்? இதற்குப் பின்னால் எண்பது வருடக் கதை இருக்கிறது.

அன்னாசிப் பழ விஞ்ஞானி

1943-ம் வருடம் ஜூலை மாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு நாள் கண் எரியும் புகைமூட்டம் மூடிக்கொண்டது. எதிரி நாடு விஷவாயு போட்டுவிட்டதோ என்று கூட மக்கள் பயந்தார்களாம்! ஆலைகள்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். உண்மையைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியல் அறிஞர் அவர்.

1950-களின் தொடக்கத்தில் அவர் சொன்னது இதுதான்: வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளியேற்றும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன. மேலே வானத்தில் இருந்தால் நம்மைக் காக்கும் ஓசோன், தரைக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலை அரிக்கும், பயிர் விளைச்சலைக் குறைக்கும். இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. குழாயிலிருந்து வரும்போது நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கறும்புகை இல்லாத வண்டியும் அதை அள்ளிக் கொட்டலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் கதை புரியும்.

கருவி வந்தது, கழற்றுவதும் வந்தது

1970-ல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1970-களின் முற்பகுதியில் இஜிஆர் வந்தது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி மறுபடியும் உள்ளே அனுப்பும் ஏற்பாடு இது. உள்ளே ஆக்சிஜன் குறையும், எரியும் வெப்பம் தணியும், அதனால் நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உண்டாகும். 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல் தேவை. அந்தப் பெட்ரோல் விலை அதிகம்.

உடனே மக்கள் என்ன செய்தார்கள்? கன்வெர்ட்டரைக் கழற்றினார்கள்! டேங்க் வாயில் ஈயப் பெட்ரோல் குழாய் நுழையாதபடி சின்ன வளையம் வைத்திருந்தார்கள். அதையும் உடைத்துப் பெரிதாக்கினார்கள். நம்மூர் ஆட்கள்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். கருவி பிறந்த ஊரிலேயே அதைக் கழற்றும் வேலையும் கூடவே பிறந்துவிட்டது.

நம் பக்கத்திலும் இதே வரிசையில்தான் நடந்தது. 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அப்போதுதான் அந்த நகரங்களுக்கு வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000-ல்.

விளக்கு பிறந்தது

கருவியைக் கழற்றினாலும் அது கெட்டுப்போனாலும் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு அதிகாரி ஓட முடியுமா? வண்டியையே சாட்சியாக்கிவிடலாம் என்ற யோசனை அப்போது வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் இன்ஜினைக் கம்ப்யூட்டர் கவனிக்க ஆரம்பித்தது. கோளாறு என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். 1988 மாடல் முதல் இப்படி ஒரு ஏற்பாடு எல்லாக் கார்களிலும் வேண்டும் என்று கலிபோர்னியா விதி போட்டது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிளக், ஒரு குறியீடு என்று இருந்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே பிளக், ஒரே குறியீட்டு மொழி என்று ஆக்கினார்கள். அதுதான் ஓபிடி-2.

ஆக, அந்த விளக்கு முதலில் ஓட்டுநருக்காக வைக்கப்பட்டதல்ல. வெளியே மூச்சு விடுபவர்களின் சார்பாக வண்டிக்குள் வைக்கப்பட்டது. ஆயில் விளக்கு எரிந்தால் நஷ்டம் வண்டிக்காரருக்கு. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் பல நேரம் நஷ்டம் ஊருக்கு. விளக்கின் மேல் எரிச்சல் வருவதற்கும் அதை அணைக்கத் தோன்றுவதற்கும் பெரிய காரணம் இதுதான்.

சரி, அடைத்தது விளக்குக்கு எப்படித் தெரிகிறது?

இஜிஆர் குழாயில் ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் கம்ப்யூட்டர் வால்வைத் திறக்கச் சொல்கிறது. வால்வு திறந்தால் திரும்பி வரும் புகை இடத்தைப் பிடித்துக்கொள்ளும், புதிய காற்று உள்ளே வருவது குறைய வேண்டும். காற்றளவு சென்சாரைப் பார்த்தால் ஒன்றும் குறையவில்லை. "ஏதோ சரியில்லை" என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்துக்கொள்ளும். அதே தவறு திரும்பவும் தெரிந்தால் விளக்கு எரியும். ஸ்கேனர் போட்டால் பி0401 என்று வரும். இஜிஆர் ஓட்டம் போதவில்லை என்பது அதன் பொருள்.

யூரியா முறையும் இப்படித்தான். 32.5 சதவீதம் யூரியாவும் மீதி சுத்திகரித்த தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடான புகையில் தெளித்தால் அது அம்மோனியாவாக மாறும். அந்த அம்மோனியா, கேட்டலிஸ்ட் மேல் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து சாதாரண நைட்ரஜனும் நீராவியுமாகப் பிரிந்துவிடும். குழாய் முனையில் இருக்கும் நாக்ஸ் சென்சார் மிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும். யூரியா ஊற்றாவிட்டாலும், வெறும் தண்ணீர் ஊற்றினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்கோடு இது நிற்பதில்லை. கனரக வாகனங்களுக்கான யூரோ-6 விதியில், எச்சரிக்கையை மதிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் முதலில் இன்ஜினின் முறுக்குவிசை 25 சதவீதம் குறைக்கப்படும். அதற்கும் அசையாவிட்டால் கடைசியில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது. நம் பிஎஸ்-6 விதியும் அதை ஒட்டியதே. சமவெளியில் கால்வாசி விசை போனால் தாமதம், அவ்வளவுதான். பாரம் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறும்போது போனால்? ஓட்டுநரின் பயத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவில் அது வந்த வழி

எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கிருந்து வந்த லாரிகளில் பல வருடங்களுக்கு இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் பம்ப் முழுக்க முழுக்க மெக்கானிக்கல். சாவியும் காதும் இருந்தால் போதும், நல்ல மெக்கானிக் சரி செய்துவிடுவார். டீசல் வண்டிகளுக்கு இந்தியாவில் முதல் வெளியேற்ற வரம்பு வந்ததே 1992-ல்தான். 1985-ல் எம்.சி.மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து போட்ட உத்தரவுகள்தான் வேகத்தைக் கூட்டின.

பெரிய டீசல் இன்ஜின்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு எப்படி இறங்கியது என்று பாருங்கள். ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 2000-ல் வந்த இந்தியா-2000 விதியில் 8 கிராம். பிஎஸ்-3-ல் 5 கிராம். பிஎஸ்-4-ல் 3.5 கிராம். பிஎஸ்-6-ல் 0.4 கிராம்! இருபது வருடத்தில் இருபதில் ஒரு பங்கு. பம்பை முறுக்கி இதைச் செய்ய முடியாது. சென்சாரும் கம்ப்யூட்டரும் விளக்கும் வந்தே ஆக வேண்டியிருந்தது. டீசலில் இருக்கும் கந்தகமும் பிஎஸ்-3-ல் பத்து லட்சத்தில் 350 பங்கு, பிஎஸ்-4-ல் 50, பிஎஸ்-6-ல் 10 என்று குறைந்தது.

இரண்டு தேதிகள் லாரி உலகத்தை உலுக்கின. 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது விற்காமல் நின்ற வண்டிகள் சுமார் 8.24 லட்சம், அதில் வணிக வாகனங்கள் மட்டும் ஏறத்தாழ 96 ஆயிரம். அடுத்து பிஎஸ்-5-ஐத் தாண்டி நேராக 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6. ஐரோப்பா படிப்படியாக ஏறிய ஏணியை இந்திய லாரிக்காரர் மூன்றே வருடத்தில் ஏறினார்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. பிஎஸ்-4 வந்தபோது பல கம்பெனிகள் யூரியா முறையை எடுத்துக்கொள்ள, அசோக் லேலண்ட் யூரியா தேவைப்படாத 'ஐஇஜிஆர்' முறையைக் கொண்டு வந்தது. எளிமையானது, தனித் திரவம் வேண்டாம் என்பதே அதன் விளம்பரம். ஆனால் 0.4 கிராம் என்ற பிஎஸ்-6 வரம்பு வந்தபோது அந்தக் கம்பெனியும் யூரியா முறைக்கு வர வேண்டியதாயிற்று.

யூரியா என்றதும் இன்னொரு சிக்கல். வயலுக்குப் போடும் யூரியா மானிய விலையில் மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து டேங்கில் ஊற்றினால் என்ன? உர யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம். அந்த எண்ணெயும் மற்ற கசடுகளும் தெளிப்பானை அடைக்கும், கேட்டலிஸ்டைக் கெடுக்கும். மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு செலவு வைத்துவிட்டு விளக்கு ஜம்மென்று எரியும். விவசாயிக்குப் போக வேண்டிய உரமும் திருட்டுப் போகும்.

முதலில் ஏமாற்றியது யார்?

பட்டறையில் தகடு வைக்கும் மெக்கானிக்கை மட்டும் குறை சொன்னால் வரலாறு பாதிதான் சொன்னதாகும். 1998-ல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மாக், வால்வோ, ரெனோ, நேவிஸ்டார் என்று ஏழு பெரிய நிறுவனங்கள் மேல் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்தது. சோதனைக் கூடத்தில் சுத்தமாகவும், நெடுஞ்சாலையில் எரிபொருள் மிச்சம் பிடித்து அதிக நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கும்படியும் இன்ஜின் கம்ப்யூட்டரை அமைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அபராதம் 8 கோடியே 34 லட்சம் டாலர். மொத்தச் செலவு 100 கோடி டாலர் அளவுக்குப் போனது. அந்த லாரிகளில் எந்த விளக்கும் எரியவில்லை. எரிய வைக்க வேண்டிய கம்ப்யூட்டரே அல்லவா பொய் சொன்னது!

அடுத்து வோக்ஸ்வேகன். 2013-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் புகை அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற இரண்டு இந்தியர்களும் இருந்தார்கள். ஒரு காரில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு வந்தது. இதன் தொடர்ச்சியாக 2015 செப்டம்பரில் உலகமே அறிந்த ஊழல் வெடித்தது. இந்தியாவிலும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

தனி ஆட்கள் செய்வதும் சின்ன விஷயமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. அவற்றால் கூடுதலாக வந்த நைட்ரஜன் ஆக்சைடு, இன்னும் 90 லட்சம் வண்டிகளைச் சாலையில் விட்டதற்குச் சமமாம்! கழற்றும் ஒவ்வொருவரும் "என் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும்" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நம் ஊரில் சாட்சியைக் கேட்பது யார்?

இங்கேதான் கதை நம் வாசலுக்கு வருகிறது. விளக்கை ஏமாற்ற இரண்டு வழிகள் உண்டு. கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றி எழுதி, இஜிஆரும் யூரியாவும் இருப்பதையே மறக்கச் செய்வது ஒன்று. 'எமுலேட்டர்' என்ற சின்னப் பெட்டியை வயரில் சேர்த்து, எல்லாம் நன்றாக வேலை செய்வதாகப் பொய் சிக்னல் அனுப்புவது இன்னொன்று. இரண்டிலும் விளக்கு அணைந்துவிடும்.

மாட்டிக்கொள்வார்களா? புகைச் சான்று மையத்தில் டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் அடர்த்தியை. அதாவது எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று. நைட்ரஜன் ஆக்சைடுதான் கண்ணுக்கே தெரியாதே! இன்னும் வேடிக்கை, இஜிஆரை அடைத்தால் கரி சற்றுக் குறையக்கூட வாய்ப்புண்டு. குற்றம் செய்த வண்டி சான்றிதழோடு வெளியே வரும். வண்டிக்குள் இருக்கும் சாட்சி சொன்னதை அங்கே யாரும் பிளக் போட்டுக் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அளக்காத ஒன்றுக்கு எப்படி அபராதம் போடுவது?

இதில் ஏமாந்து போகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது. அந்தப் புகைக்கு மிக அருகில் தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருப்பவர் ஓட்டுநரும் கிளீனரும் மெக்கானிக்கும்தான். அதோடு, பொய் சிக்னல் வாங்கிப் பழகிய வண்டியில் நாளைக்கு உண்மையான கோளாறு வந்தாலும் விளக்கு எரியாமல் போகலாம்.

அதே சமயம் எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் போடுவதும் நியாயமில்லை. தவணை கட்டும் ஒற்றை லாரி முதலாளிக்கு ஒரு சென்சார் போனால் அந்த மாத வருமானமே போய்விடும். குறியீட்டைப் படிக்கும் கருவி கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, வண்டி நிற்பதோ மலைமேல். விளக்கு "கோளாறு" என்கிறதே தவிர, என்ன கோளாறு, மேலே ஏறலாமா, இங்கேயே நிறுத்த வேண்டுமா என்று சொல்வதில்லை. கார்களுக்கு 1996-ல் செய்தது போல எந்தப் பட்டறையும் படிக்கக் கூடிய பொது மொழியும், நியாயமான விலையில் உதிரிப் பாகமும் கிடைத்தால் தகடு தேடிப் போகிறவர்கள் குறைவார்கள். புகைச் சான்று மையத்தில் ஒரு பிளக் போட்டுக் கம்ப்யூட்டரைக் கேட்டால், கழற்றியவர்களில் பாதிப் பேராவது அகப்படுவார்கள். 2023 ஏப்ரலில் பிஎஸ்-6-ன் இரண்டாம் கட்டம் வந்து, சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் முறையும் கடுமையான ஓபிடியும் தயாரிப்பாளர்களுக்குக் கட்டாயமாகிவிட்டன. ஐந்து வருடம், பத்து வருடம் ஓடிய வண்டியைக் கேட்கும் ஏற்பாடுதான் பாக்கி.

லாஸ் ஏஞ்சலஸ் மூன்று பக்கம் மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர். அதனால்தான் அங்கே புகை தேங்கியது. திண்டுக்கல் அப்படி இல்லை, காற்று வீசும் ஊர். அந்தக் காற்று போகிற பக்கம்தான் சிறுமலைக் காடும் வாழைத் தோட்டமும் இருக்கின்றன. 18 வளைவு ஏறும் லாரியில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், அது கேட்பது அவற்றின் சார்பாகவும்தான்.